அயர்லாந்துப் பள்ளிகளில் ஐரிஷ் மொழி விலக்கு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அயர்லாந்துக்கு வேலை மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி அட்மிஷன் முடிந்ததும் அடுத்து வரும் குழப்பம் ஐரிஷ் மொழிப் பாடம், அதைப் படிக்காமலிருக்க விலக்கு கிடைக்குமா என்பது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "அப்ளை பண்ணினா உடனே கொடுத்துடுவாங்க" என்பார், இன்னொருவர் "நம்ம பசங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது" என்பார். இரண்டுமே தவறு. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். விலக்கு உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளை அதைத் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும். தேவைப்படாத பிள்ளையை அரைகுறைத் தகவலால் வகுப்பிலிருந்து பிரித்து உட்காரவைக்கக் கூடாது. இந்தத் தொகுப்பின் நோக்கம் அவ்வளவுதான்.

ஐரிஷ் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமா? வெளிநாட்டுக்காரங்களுக்குமா?

ஆமாம். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும், நாலைந்து வயதில் சேரும் ஜூனியர் இன்ஃபன்ட்ஸ் முதல் பதினேழு பதினெட்டு வயதில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வான லீவிங் சர்ட் வரை, ஆங்கிலம், கணக்கு போல ஐரிஷும் எல்லோரும் படிக்கவேண்டிய பாடம். கட்டணம் வாங்கும் மேல்நிலைப் (செகண்டரி) பள்ளிகளும் அங்கீகாரம் பெற்றவையாக இருந்தால் அவற்றுக்கும் இதே விதிதான். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, பெற்றோர் எந்த விசாவில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. பிள்ளை எங்கே, எத்தனை வயதுவரை படித்தது, அதற்கு என்ன சிரமம் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இதெல்லாம் அயர்லாந்துக் குடியரசுக்குத்தான் பொருந்தும். பெல்ஃபாஸ்ட் உள்ளிட்ட வடக்கு அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அங்கே ஐரிஷ் கட்டாயமில்லை.

அப்போ விலக்கு யாருக்குத்தான் கிடைக்கும்?

இப்போது நடைமுறையில் இருப்பவை கல்வித் துறை 2022-இல் வெளியிட்ட இரண்டு சுற்றறிக்கைகள்: தொடக்கப் பள்ளிகளுக்கு 0054/2022, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 0055/2022. பள்ளியில் பேசும்போது இந்த எண்ணைச் சொன்னாலே போதும், எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், முதலாவது வகை 12 வயது வரையோ தொடக்கக் கல்வியின் கடைசி ஆண்டு முடியும் வரையோ வெளிநாட்டில், ஐரிஷ் படிக்க வாய்ப்பே இல்லாத இடத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள். இரண்டாவது, இங்கே படித்து, வெளிநாடு போய், குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அங்கே இருந்துவிட்டு 12 வயதிலோ அதற்குப் பிறகோ திரும்பிச் சேருபவர்கள். மூன்றாவது, எழுத்து, வாசிப்பில் கடுமையான சிரமம் உள்ளவர்கள். நான்காவது, பலவிதத் தேவைகள் சேர்ந்து, நீண்டகாலமாகத் தொடர்ந்து, பள்ளி வாழ்க்கையையே பாதிக்கும் நிலையில் இருப்பவர்கள். இந்த நான்காவது வகை 2022-இல்தான் சேர்ந்தது. சிறப்புப் பள்ளியிலும் ஸ்பெஷல் கிளாஸிலும் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ஒவ்வொன்றாகக் கீழே பார்ப்போம்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. கோயம்புத்தூர்ல மூணாங்கிளாஸ் படிச்சுட்டு இப்பதான் வந்தோம். இவளுக்குக் கிடைக்கும்ல?

வெளிநாட்டிலிருந்து வந்தாள் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைக்காது. தமிழ்க் குடும்பங்களில் அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைக்கு விலக்கு உண்டு" என்று அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கும், 12 வயது என்ற நிபந்தனை விழுந்திருக்காது.

எட்டு வயதில் வந்தவள் வகுப்போடு சேர்ந்து படிக்க வேண்டியதுதான். அதற்காகப் பயப்படாதீர்கள். தொடக்கப் பள்ளியில் ஐரிஷ் பெரும்பாலும் பேச்சு, பாட்டு, விளையாட்டாகவே இருக்கும். "அன் வில் கியட் அகம் டுல் கு டி அன் லெஹரஸ்" என்று ஒரு வாக்கியம் உண்டு. கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்பது அது. இந்த நாட்டில் பள்ளிக்குப் போன ஒவ்வொருவருக்கும் அது மனப்பாடம். உங்கள் மகளும் முதல் சில வாரங்களிலேயே அதைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். வகுப்பிலிருக்கும் ஐரிஷ் பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஐரிஷில் அவர்கள் உங்கள் மகளைவிட மூன்று நான்கு ஆண்டு முந்தி இருக்கிறார்கள், அவ்வளவுதான். தமிழும் ஆங்கிலமும் ஏற்கெனவே புழங்கும் பிள்ளைக்கு எட்டு வயதில் அந்த இடைவெளி எட்டிப் பிடிக்கக் கூடியது.

பெரியவனுக்குப் பதிமூணு வயசு. அவனுக்கு?

அவன் முதல் வகையில் வருகிறான். ஊரில் படித்த பள்ளியின் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றைக் காட்டி மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விண்ணப்பிக்கலாம். வாசிப்புத் தேர்வோ மருத்துவ அறிக்கையோ தேவையில்லை. மாற்றுச் சான்றிதழை ஊரிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். பெட்டி கட்டும்போதே அதைக் கையோடு எடுத்து வாருங்கள்.

ஒரே வீட்டில் அண்ணனுக்கு விலக்கு, தங்கைக்கு இல்லை என்று வருவது சகஜம். தங்கை "எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டால் காரணத்தை நேராகச் சொல்லிவிடுங்கள். அவளிடம் நேரம் இருக்கிறது, அண்ணனிடம் இல்லை.

அப்படின்னா பத்து வயசுப் பையனை இன்னும் ரெண்டு வருஷம் தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டு, பன்னிரண்டு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்தா?

விதிப்படி பார்த்தால் அவன் தகுதி பெறுவான். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பாடத்துக்காக இரண்டு ஆண்டு பெற்றோரைப் பிரிந்திருப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. அதோடு, பத்து வயதில் வந்தால் தொடக்கப் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போவான். பன்னிரண்டில் வருபவனுக்கு எல்லாமே புது முகம். ஐரிஷில் சராசரி மதிப்பெண் வாங்குவதைவிட அது பெரிய பாரம்.

பொண்ணு இங்க பொறந்தவ. ஃபர்ஸ்ட் கிளாஸ் வரைக்கும் டப்ளின்ல படிச்சா. அப்புறம் சென்னைக்குப் போயிட்டோம். இப்போ திரும்பி வர்றோம். என்ன ஆகும்?

இது இரண்டாவது வகை. இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும்: இங்கே பள்ளிப் பதிவிலிருந்து விலகி மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக ஆகியிருக்க வேண்டும், மறுபடி சேரும்போது வயது 12 ஆகியிருக்க வேண்டும். ஐந்தாண்டு வெளியில் இருந்துவிட்டு 11 வயதில் திரும்பினால் கிடைக்காது. 13 வயதில் திரும்பினாலும் இடையில் ஒரு வருடம் இங்கே வந்து படித்திருந்தால் மூன்று ஆண்டுக் கணக்கு அறுந்துபோகும்.

இங்கே பிறந்து, பள்ளியில் சேரும் முன்பே இந்தியா போய்விட்ட பிள்ளை என்றால் கதை வேறு. அவள் இங்கே படிக்கவே இல்லை. ஆகவே முதல் வகையில்தான் பார்க்கப்படுவாள்.

வடக்கு அயர்லாந்துல இருந்து டப்ளின் வந்தா அது வெளிநாடுன்னு கணக்கா?

ஆம், வேறு அரசு. பெல்ஃபாஸ்ட்டிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தாலும் அதே வயது விதிதான். அங்கே படித்த பள்ளியில் ஐரிஷ் சொல்லித்தரப்பட்டிருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

பையனுக்கு டிஸ்லெக்ஸியான்னு சொல்றாங்க. அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தா போதுமா?

போதாது, அவசியமும் இல்லை. இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ளுங்கள். 1990-களில் வந்த பழைய விதிகளில் உளவியல் நிபுணரின் அறிக்கை தேவைப்பட்டது. அரசு வழியில் அந்தச் சந்திப்புக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும், தனியாரிடம் போனால் செலவு. கையில் காசு இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு விலக்கு எளிதாகக் கிடைத்தது, இல்லாதவர்கள் காத்திருந்தார்கள். 2019-இல் வந்த சுற்றறிக்கைகள் அந்த அறிக்கைக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. பொறுப்பு முழுவதும் பள்ளிக்கு வந்தது. இது நியாயமான மாற்றம் என்பது என் கருத்து.

இப்போது பார்ப்பது மூன்றை. தொடக்கப் பள்ளியில் பிள்ளை குறைந்தது செகண்ட் கிளாஸ் எட்டியிருக்க வேண்டும். இங்கே ஜூனியர் இன்ஃபன்ட்ஸ், சீனியர் இன்ஃபன்ட்ஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் கடந்து வருவது அது, ஏறக்குறைய ஏழெட்டு வயது. அடுத்து, எழுத்துச் சிரமம் எல்லாப் பாடங்களிலும் தடையாக இருக்கிறது என்பதற்கும், பள்ளி கூடுதல் உதவி கொடுத்துப் பார்த்தும் சிரமம் தீரவில்லை என்பதற்கும் பிள்ளைக்குக் கொடுத்த உதவிகளைப் பள்ளி எழுதிவைக்கும் ஆதரவுக் கோப்பில் பதிவு இருக்க வேண்டும். கடைசியாக, விண்ணப்பிக்கும் நேரத்தில் சொல் வாசிப்பு, வாசித்துப் புரிதல், எழுத்துக்கூட்டல் போன்ற ஒரு தரப்படுத்தப்பட்ட சோதனையில் பிள்ளை 10-ஆம் சதமானத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். டிஸ்லெக்ஸியா அறிக்கை இருந்தால் அது கோப்புக்கு வலு சேர்க்கும். அதுவே தீர்ப்பாகிவிடாது.

10-ஆம் சதமானம்னா 100-க்கு 10 மார்க்கா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் பயந்துபோன பெற்றோர் பலர். அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், கடைசிப் பத்துப் பேருக்குள் இருப்பதுதான் 10-ஆம் சதமானம். பள்ளி கொடுக்கும் தாளில் "தரமதிப்பெண்" என்று ஓர் எண் இருக்கும். அதில் சராசரி 100. ஏறக்குறைய 81-தான் 10-ஆம் சதமானத்துக்கு ஈடு. ஆக, தாளில் 80 என்று பார்த்துவிட்டு "எண்பது மார்க் வாங்கியிருக்கான், விலக்கு எப்படிக் கிடைக்கும்?" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அதேபோல 92 இருந்தால், பிள்ளை வாசிக்கத் திணறினாலும் இந்த வழி இப்போதைக்கு மூடியிருக்கிறது என்று பொருள்.

பொதுவாகப் பள்ளியிலேயே இருக்கும் சிறப்பு உதவி ஆசிரியர்தான் இந்தச் சோதனையை வைப்பார். பணம் கட்ட வேண்டியதில்லை. சோதனை முடிந்ததும் எந்தச் சோதனை, எந்தத் தேதி, சதமானம் என்ன என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவளுக்கு இங்கிலீஷே இப்பதான் வருது. வீட்ல தமிழ் மட்டும்தான். அதைச் சொல்லிக் கேட்கலாமா?

வீட்டுமொழி வேறு என்பது விலக்குக்கான காரணங்களில் இல்லை. ஆங்கிலம் புதிது என்பதால் வாசிப்புச் சோதனையில் எண் குறைவாக வருவது வேறு, வாசிப்புச் சிரமம் வேறு. ஆங்கிலத்துக்குக் கூடுதல் வகுப்பு கேளுங்கள், அதைத் தரும் ஆசிரியர்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். பிள்ளை தமிழில் எப்படி வாசிக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தடுமாற்றம் என்றால் அது காலப்போக்கில் சரியாகலாம். தமிழிலும் எழுத்தைக் கூட்டுவதற்குத் திணறியது, ஊரிலேயே டீச்சர் கவனித்துச் சொல்லியிருந்தார் என்றால் அது முக்கியமான தகவல். அந்தத் தகவல் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வெட்கப்பட்டு மறைத்துவிட்டால் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய உதவி தள்ளிப்போகும்.

ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்கு?

சிறப்புப் பள்ளியிலோ, சாதாரணப் பள்ளிக்குள் இயங்கும் ஸ்பெஷல் கிளாஸிலோ சேர்ந்திருந்தால் ஐரிஷ் படிக்க வேண்டியதில்லை, விண்ணப்பமே போட வேண்டாம். அந்த இடத்துக்குத் தகுதி என்று பரிந்துரை பெற்று, சாதாரண வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 2022 சுற்றறிக்கை வழி செய்திருக்கிறது. இடம் கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நோயறிதல் மட்டும் காரணமாகாது. மேலே சொன்ன நான்காவது வகையில் விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேவைகள் பல, அவை நீடிப்பவை, பள்ளி தொடர்ந்து உதவியும் பங்கேற்பு தடைபடுகிறது என்று கோப்பு காட்ட வேண்டும். ஆதலால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கூட்டத்தின் முடிவும் எழுத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருகிட்ட விண்ணப்பம் கொடுக்கணும்? கல்வித் துறைக்கா?

பள்ளித் தலைமையாசிரியரிடம். முடிவும் அவருடையதே. முதலில் வகுப்பாசிரியரிடமும் சிறப்பு உதவி ஆசிரியரிடமும் பேசுங்கள். பிறகு சுற்றறிக்கையோடு வரும் படிவத்தைக் கேட்டு வாங்கி, எந்த வகையில் கேட்கிறீர்கள் என்று குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். கிடைத்தால் கையெழுத்திட்ட சான்றிதழ் தருவார்கள், பள்ளியின் கணினிப் பதிவிலும் ஏற்றுவார்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும்.

வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு, "பிரின்சிபல் முடியாதுன்னுட்டாரு" என்று திரும்பிவிடுவது நம்மவர்களிடம் அதிகம். ஊரில் ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழையவே தயங்கி வளர்ந்தவர்கள் நாம். இங்கே எழுதிக் கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுதிக் கொடுத்தால்தான் அது விண்ணப்பம்.

மறுத்துட்டாங்க. அடுத்து என்ன?

முடிவுத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள், வார இறுதிகளையும் சேர்த்து எண்ணி, ஐரிஷ் விலக்கு மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். இந்தக் குழு உங்கள் பிள்ளையைப் புதிதாகச் சோதித்துப் பார்க்காது. தலைமையாசிரியர் சுற்றறிக்கையில் சொன்ன முறைப்படி முடிவெடுத்தாரா என்றுதான் பார்க்கும். "என் பிள்ளை ரொம்பக் கஷ்டப்படுறான்" என்ற கடிதத்தைவிட, "சோதனை வைக்கவே இல்லை" அல்லது "எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்று சொல்லவில்லை" என்ற கடிதம் அங்கே எடுபடும்.

பிரைமரில வாங்கின விலக்கு செகண்டரிக்கும் செல்லுமா?

செல்லும். வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறினாலும் செல்லும். சான்றிதழின் நகலைப் புதுப் பள்ளியில் சேரும்போதே கொடுத்துவிடுங்கள். மூலச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் அது தேவைப்படும்.

பக்கத்துல கேல்ஸ்கோல்லதான் இடம் இருக்கு. அங்க சேர்த்துட்டு ஐரிஷ் பாடத்துக்கு மட்டும் விலக்கு வாங்கலாமா?

முடியாது. கேல்ஸ்கோல் என்பது எல்லாப் பாடத்தையும் ஐரிஷ் வழியில் நடத்தும் பள்ளி. விலக்குச் சுற்றறிக்கைகள் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. வாசிப்பில் கடும் சிரமம் உள்ள பிள்ளையை இடம் இருக்கிறதே என்று அங்கே சேர்ப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். சிரமம் ஏதும் இல்லாத நாலு வயதுப் பிள்ளை என்றால் கேல்ஸ்கோல் மிக நல்ல தேர்வு. ஐரிஷை முழுசாகப் பேச வைப்பதில் அவற்றுக்கு இணை இல்லை.

ஐரிஷ் நேரத்துல விலக்கு வாங்கின பிள்ளை என்ன செய்யும்?

பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். சிறப்பு உதவி வகுப்பு நடக்கலாம், அதே அறையில் வேறு வேலை கொடுக்கலாம், பாட்டு, கதை, நாடகத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மேல்நிலைப் பள்ளியில் பல பிள்ளைகள் அந்த நேரத்தில் பின்வரிசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விண்ணப்பம் கொடுக்கும் முன்பே "அந்த நேரத்தில் என் பிள்ளைக்கு என்ன திட்டம்?" என்று கேட்டுவிடுங்கள். வாசிப்புச் சிரமத்துக்காக விலக்கு வாங்கிய பிள்ளைக்கு அந்த மணி நேரம் வாசிப்புக்கே போக வேண்டும். அப்படிப் போகாவிட்டால் விலக்கில் பாதிப் பலன் வீண்.

ஊருல இந்தியைத் திணிக்கிற மாதிரிதானே இதுவும்?

இந்தக் கேள்வி கோபத்தோடு வருவதைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். ஆனால் இங்கே கதை நேர்மாறானது. ஐரிஷ் இந்த மண்ணின் மொழி. 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. ஐரிஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, பேசும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டு போட்டு, மாலையில் வெட்டுகளை எண்ணி அடித்த வழக்கமும் இருந்தது. 1845-இல் தொடங்கிய பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளைத்தான் கடுமையாகத் தாக்கியது. நாடு முழுவதிலுமாக ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். பிழைக்க ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே பிள்ளைகளிடம் ஐரிஷ் பேசுவதை நிறுத்தினார்கள்.

விடுதலை பெற்ற 1922-இலேயே பள்ளிகளில் ஐரிஷைக் கொண்டுவந்தார்கள். 1937 அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு அதைத் தேசிய மொழி, முதல் ஆட்சிமொழி என்கிறது. கட்டாயத்தை இந்த ஊர்க்காரர்களே எதிர்த்ததும் உண்டு. 1934-இலிருந்து ஐரிஷில் தோற்றால் லீவிங் சர்ட் முழுவதுமே தோல்வி என்ற நிலை இருந்தது. 1973-இல்தான் அது நீங்கியது. இன்றும் சொல்லித்தரும் முறை சரியில்லை என்ற விவாதம் ஓயவில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 18,73,997 பேர் ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் 71,968 பேர்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அவர்களுடைய கவலை. தாய்மொழிக்காகப் போராடிய ஊரிலிருந்து வந்த நாம் அந்தக் கவலையைப் புரிந்துகொள்ள முடியும்.

ஐரிஷுக்குப் பதிலாத் தமிழை எடுக்கலாமா?

லீவிங் சர்ட்டில் தமிழ் இல்லை. 2020-இல் போலிஷ், லிதுவேனியன், போர்த்துகீஸ், மாண்டரின் சேர்ந்தன. ஜப்பானியமும் ரஷ்யனும் அரபியும் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த மொழியும் ஐரிஷுக்கு "பதிலாக" வராது, கூடுதலாகத்தான் எடுக்கலாம்.

படிக்கறது கட்டாயம்னா, பரீட்சையும் எழுதியே ஆகணுமா?

விதி சொல்வது படிப்பதைப் பற்றித்தான். லீவிங் சர்ட்டில் ஐரிஷ் தாளை எழுதாமல் விடும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மற்றப் பாட மதிப்பெண்கள் அப்படியே கிடைக்கும். ஆனால் இதை விலக்குக்குச் சமம் என்று நினைக்காதீர்கள். விலக்குச் சான்றிதழ் இல்லாமல் தாளையும் விட்டால் அடுத்த கேள்வியில் வரும் கல்லூரிகளில் சிக்கல் வரும்.

எழுதுவதே நல்லது என்பேன். ஹையர், ஆர்டினரி, ஃபவுண்டேஷன் என்று மூன்று நிலை உண்டு. மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம் வாய்மொழித் தேர்வுக்கு. படவரிசையைப் பார்த்துக் கதை சொல்வது, கவிதை வாசிப்பது, குடும்பம், பள்ளி, ஊர் பற்றிப் பேசுவது. கூச்சமில்லாமல் பேசும் பிள்ளை அதிலேயே நிறைய வாங்கிவிடலாம். டியங்லன் என்ற இணைய அகராதியில் ஒரே சொல்லை மூன்று வட்டார வழக்கிலும் ஒலியாகக் கேட்கலாம். உச்சரிப்பு தெரியாத பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க அது பெரிய துணை.

மெடிசின் படிக்கணும்னா ஐரிஷ் வேணுமாமே? உண்மையா?

கல்லூரியைப் பொறுத்தது. அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை, அதாவது டப்ளின் யூசிடி, கார்க் யூசிசி, கால்வே, மேனூத் ஆகியவையும் டப்ளினிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸும், சேர்க்கைக்கு ஐரிஷில் தேர்ச்சி கேட்கின்றன. 1913-இலிருந்து வரும் நிபந்தனை அது. ஆர்டினரி நிலையில் ஓ6 அல்லது ஹையர் நிலையில் எச்7 என்ற தரம் போதும் (எண் கூடக்கூடத் தரம் குறையும்). டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் லிமரிக் பல்கலைக்கழகமும் ஐரிஷ் கேட்பதில்லை.

விலக்கு உள்ளவர்களுக்குக் கதவு மூடவில்லை. ஆனால் தேசியப் பல்கலைக்கழகத்திடம் தனியாக விண்ணப்பித்து அவர்களுடைய விலக்கையும் வாங்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ் தானாக அங்கே போய்ச் சேராது. லீவிங் சர்ட் ஆண்டின் தொடக்கத்திலேயே இதை முடித்துவிடுங்கள். குடியரசுக்கு வெளியே பிறந்தவர்களுக்கும் அவர்கள் விலக்குத் தருகிறார்கள். ஆகவே திருச்சியில் பிறந்து ஆறு வயதில் வந்த பிள்ளைக்குப் பள்ளியில் விலக்கு இல்லாமலிருக்கலாம், பல்கலைக்கழகத்தில் கிடைக்கலாம். இரண்டும் வெவ்வேறு அமைப்பு, வெவ்வேறு விதி.

விலக்கு வாங்கினா கல்லூரிப் புள்ளிகள் குறையுமா?

லீவிங் சர்ட் தரங்களைப் புள்ளிகளாக மாற்றித்தான் கல்லூரி இடம் தருகிறார்கள். விலக்குக்காக அதில் எதுவும் கழிக்க மாட்டார்கள். சிறந்த ஆறு பாடங்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள், ஹையர் நிலையில் ஒரு பாடத்துக்கு அதிகபட்சம் 100 புள்ளி, கணக்குக்கு மட்டும் மேலே 25 போனஸ் உண்டு. பெரும்பாலானோர் ஏழு பாடம் எழுதி மோசமான ஒன்றைத் தள்ளிவிடுவார்கள். ஐரிஷ் இல்லாதவனுக்கு ஆறுதான் என்றால் எல்லாமே எண்ணப்படும், ஒரு தாள் சொதப்பினாலும் ஈடுகட்ட வழியில்லை. ஐரிஷ் நேரத்தில் வேறொரு பாடம் கூடுதலாக எடுக்கப் பள்ளி இடம் தருமா என்று மேல்நிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டிலேயே கேளுங்கள்.

டீச்சராகணும்னு ஆசைப்படறா. விலக்கு இருந்தா முடியுமா?

தொடக்கப் பள்ளி ஆசிரியை என்றால் முடியாது. பி.எட். சேர லீவிங் சர்ட் ஐரிஷில் எச்4 வேண்டும், ஏனென்றால் அவர் எல்லாப் பாடத்தோடு ஐரிஷையும் சொல்லித்தர வேண்டும். ஆங்கிலவழி மேல்நிலைப் பள்ளியில் கணக்கோ அறிவியலோ கற்பிக்க அந்த நிபந்தனை இல்லை. போலீஸ் வேலைக்கு ஐரிஷ் கட்டாயம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், அது 2005-இலேயே போய்விட்டது.

விலக்கு கிடைச்ச பிறகு பையனே "நானும் ஐரிஷ் படிக்கறேன்"ங்கறான். விடலாமா?

தாராளமாக விடலாம். விலக்கு என்பது படிக்க வேண்டியதில்லை என்ற அனுமதி, படிக்கக் கூடாது என்ற தடை கிடையாது. பள்ளியிடம் சொன்னால் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள், விரும்பினால் தேர்வும் எழுதலாம். பதிமூன்று வயதில் வந்தவனுக்கு முதல் ஆண்டு கடினமாக இருக்கும், ஆர்டினரி நிலையை இலக்காக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடையில் கான்னமாரா, டொனகல், கெர்ரி பக்கம் ஐரிஷ் பேசும் ஊர்களில் மூன்று வார மொழி முகாம்கள் நடக்கின்றன. உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கி, நாள் முழுக்க ஐரிஷிலேயே பேச வேண்டும். வகுப்பு நண்பர்கள் போகும் முகாமுக்கே இவனையும் அனுப்ப முடிந்தால் நல்லது. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.